பேட்டரி வண்டியில் போய் அடிபட்டால்: வடசென்னைக்காரர்களுக்கு ஓர் எளிய சட்ட விளக்கம்

பேட்டரி ஸ்கூட்டர் விற்கிற கடையில் விலை குறைந்த மாடலைக் காட்டும்போது தவறாமல் மூன்று விஷயம் சொல்வார்கள். லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்ஸ்யூரன்ஸ் வேண்டாம். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் இந்த மூன்றுக்காகவே வண்டி வாங்கிய வீடுகள் நிறைய. பிள்ளையை ஸ்கூலில் விட, காசிமேட்டில் மீன் எடுத்து வர, சாப்பாடு டெலிவரி செய்ய, எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான்.

ஒருநாள் லாரியோ காரோ இடித்துவிட்டால் அந்த மூன்றும் பயமாக மாறிவிடுகின்றன. "நம்ம வண்டிக்கே ஒரு பேப்பரும் இல்ல, நாம போய் எப்படிக் கேஸ் கொடுக்கிறது?" என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். இடித்தவர் கையில் திணிக்கிற ஐயாயிரம், பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு, மீதிச் செலவுக்கு நகையை அடகு வைக்கிறார்கள்.

இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ரோட்டில் நடந்து போகிறவரிடம் என்ன பேப்பர் இருக்கிறது? சைக்கிளில் போகிறவரிடம்? அவர்களை லாரி இடித்தால் லாரியின் இன்ஸ்யூரன்ஸ் நஷ்டஈடு கொடுக்கிறது. பேட்டரி வண்டியில் போனவருக்கும் அதே கணக்குதான். நஷ்டஈட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது இடித்த வண்டியை. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

உங்கள் வண்டி எந்த வகை?

பேட்டரி வண்டிகளைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்து, அந்த மாடல் அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தின் சான்றும் பெற்றிருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பெடலோடு வரும் மின் சைக்கிள்களில் பெரும்பாலானவையும் இந்த வகைதான். இவற்றுக்கு நம்பர் பிளேட், லைசென்ஸ், கட்டாய இன்ஸ்யூரன்ஸ் எதுவும் கிடையாது.

இதைத் தாண்டிய எல்லாமே மோட்டார் வாகனம். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்தோடு ஓடுகிற ஸ்கூட்டர்கள் இந்த வகை. பெட்ரோல் வண்டிக்கு உள்ள லைசென்ஸ், ஆர்.சி., தேர்ட் பார்ட்டி இன்ஸ்யூரன்ஸ் (நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் இழப்புக்கான காப்பீடு) அத்தனையும் இவற்றுக்கும் உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலர் வாங்கும்போதே 5 வருடத் தேர்ட் பார்ட்டி இன்ஸ்யூரன்ஸ் சேர்த்துத் தரப்படுகிறது. ஆறாவது வருடம் அதைப் புதுப்பிக்க மறந்துவிடுகிறவர்கள் அதிகம். உங்கள் பாலிசியில் கடைசித் தேதியை இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஆபத்தான மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. 25 கிலோமீட்டர் வண்டியை வாங்கி, மெக்கானிக்கிடம் சொல்லி வேகத்தைக் கூட்டிக்கொள்வது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் பூட்டை எடுத்துவிட்டால் அந்த வண்டி விதிவிலக்கை இழந்துவிடும். சட்டத்தின் பார்வையில் அது பதிவு செய்யாத, இன்ஸ்யூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். அந்த வண்டியால் நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் சொந்தப் பணத்திலிருந்து போகும். பிரேக்கும் டயரும் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

நம் ரோடும் இந்த வண்டியும்

துறைமுகம் இருக்கிற ஊரில் பேட்டரி வண்டி ஓட்டுவதும் மற்ற இடங்களில் ஓட்டுவதும் ஒன்றல்ல. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். வரிசை நகரும்போது அவற்றுக்கு நடுவேதான் டூவீலர்கள் புகுந்து போகின்றன.

டிரெய்லர் இடப்பக்கம் திரும்புவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். திரும்புவதற்கு முன் அதன் முன்பகுதி வலப்பக்கமாகச் சற்று விலகும். இடப்பக்கம் ஆள் போகிற அளவுக்கு வழி கிடைத்ததுபோலத் தெரியும். அந்த வழியில் வண்டியை விட்டீர்களானால் மாட்டிக்கொள்வீர்கள். 40 அடி பெட்டியைத் தாங்கும் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வருவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கேபினில் இருக்கிற டிரைவருக்கு அந்த இடப்பக்கம் ஏறக்குறைய தெரியவே தெரியாது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் சத்தமாவது கேட்டிருக்கும். பேட்டரி வண்டி வருவது அவருக்குக் காதிலும் விழாது, கண்ணிலும் படாது. அதனால் டிரெய்லரின் இடப்பக்கம் புகுவதில்லை என்பதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நிற்கலாம். முந்துவதானால் டிரைவரின் முகம் அவருடைய கண்ணாடியில் உங்களுக்குத் தெரிகிற இடத்திலிருந்து வலப்பக்கமாக மட்டும் முந்தலாம்.

இன்னொன்று, வண்டி கிளம்பும் விதம். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைக் கொடுக்கும். பெட்ரோல் ஸ்கூட்டரில் பழகிய கை ஆக்சிலரேட்டரை அதே அளவு முறுக்கினால் வண்டி பாய்ந்துவிடும். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் சாவியைப் போட்டுவிட்டு, குழந்தையை முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும். சத்தம் இல்லாததால் வண்டி ஆன் ஆகியிருப்பதே தெரியாது. குழந்தை ஹேண்டிலைப் பிடித்தால் போதும்.

சிறிய சக்கர வண்டிகளுக்குப் பள்ளம்தான் எமன். நின்றுகொண்டே ஓட்டுகிற ஸ்கூட்டர்களின் சக்கரம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். பைப் போடத் தோண்டி அரைகுறையாக மூடிய குழியில் அது அப்படியே நின்றுவிடும், ஓட்டுகிறவர் மட்டும் முன்னால் பறப்பார். திருவொற்றியூர் நெடுஞ்சாலை மாதிரி ரோட்டில் அந்த வண்டியை ஓட்டவே கூடாது என்பது என் கருத்து. மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை போலத் தண்ணீர் தேங்குகிற இடங்களில் எந்த பேட்டரி வண்டியையும் இறக்க வேண்டாம், சுற்றிப் போங்கள்.

ஹெல்மெட் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனமாகப் பதிவான வண்டியில் ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்; போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். வேகம் குறைந்த வகைக்கு அந்தக் கட்டாயம் இல்லையென்றாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டைப் போட்டு, வாரையும் மாட்டுங்கள். 25 கிலோமீட்டர் வேகத்தில் போய் நடைபாதைக் கல்லில் தலை மோதினாலும் உயிர் போகும்.

அடிபட்ட அன்று

முதலில் 108. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை எதையும் தேடி வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. வெளிமாநிலத்தவருக்கும் இது உண்டு. மணலியிலும் எண்ணூரிலும் வேலை செய்கிற வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். மத்திய அரசின் திட்டம் தனி. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட அதில், மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாமல் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைக் காப்பாற்றுகிறது. பெயரும் விலாசமும் சொல்லும்படி போலீஸோ மருத்துவமனையோ உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. கேஸில் இழுத்துவிடுவார்கள் என்று பயந்து யாரையும் ரோட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே ரொம்ப முக்கியமானது. வடசென்னையில் பெரிய விபத்து என்றால் பெரும்பாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவார்கள். அங்கே ஆனாலும் வேறெங்கே ஆனாலும், அவசரப் பிரிவில் டாக்டர் ஒரு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி அடிபட்டது என்று அவர் கேட்பார். கூட வந்தவர் சொல்வதைக் கேட்டு இரண்டு வரி எழுதுவார். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில், "தானா வழுக்கி விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுகிறவர்கள் அதிகம். இடித்த வண்டிக்காரரே கூட வந்து, "அப்படிச் சொல்லுங்க, செலவை நான் பாத்துக்கறேன்" என்று காதில் ஓதுவதும் உண்டு.

அந்த வரி எழுதப்பட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து "லாரி இடித்தது" என்று மனு போடும்போது இன்ஸ்யூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வண்டி நம்பர் தெரிந்தால் நம்பரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "நம்பர் தெரியாத கன்டெய்னர் லாரி" என்றே எழுதச் சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்காக அவருடைய மனைவியோ தம்பியோ இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கூட இருக்கிறவர்களில் ஒருவர் மருத்துவமனையைப் பார்த்துக்கொள்ளட்டும். இன்னொருவர் விபத்து நடந்த இடத்துக்குப் போகட்டும். வண்டிகள் கிடக்கிற நிலையை நகர்த்தும் முன்பே படம் எடுக்க வேண்டும். எதிரே இருக்கிற டீக்கடை, ஏ.டி.எம்., அபார்ட்மென்ட் கேமராக்களைக் குறித்துக்கொண்டு போலீஸிடம் உடனே சொல்ல வேண்டும். பல கேமராக்களில் சில நாட்களிலேயே பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும். அடிபட்ட பேட்டரி வண்டியைச் சரிசெய்யவோ பழைய இரும்புக் கடையில் போடவோ அவசரப்படாதீர்கள், அதுவும் சாட்சிதான்.

போலீஸ் பக்கம்

சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கிறது. கவனக்குறைவாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 281, காயம் ஏற்படுத்தியதற்கு 125, உயிர் போயிருந்தால் 106 என்ற பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள். "இது எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பினால், எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பிற்பாடு தேவைப்படும் விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி எடுத்துக்கொள்ளலாம்.

2022 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அது தானாக நடந்துவிடும் என்று மட்டும் சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் வருமானம், காயம், செலவு எல்லாவற்றையும் உங்களைவிட அக்கறையாக யாரும் எழுத மாட்டார்கள்.

நஷ்டஈடு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

சென்னையில் மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சிறுவழக்கு நீதிமன்றத்தில் நடக்கின்றன. விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர் ஆகியவற்றில் எதில் வேண்டுமானாலும் மனு போடலாம். மீஞ்சூர் ரோட்டில் அடிபட்டவர் பெரம்பூரில் குடியிருந்தால் சென்னையிலேயே போடலாம். விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அந்த வரம்பை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. ஆனால் அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

தீர்ப்பாயம் ஒரு மொத்தத் தொகையைக் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை. சிகிச்சைச் செலவு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த செலவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் இழப்பு, வேலைக்குப் போக முடியாத மாதங்கள், வலியும் வேதனையும், இனி வரப்போகும் ஆபரேஷன் எனத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுகிறது. இதில் பெரிய தொகை, நிரந்தர ஊனத்தால் குறையப்போகும் வருமானத்துக்குத்தான்.

உதாரணத்துக்கு, மாதம் 18,000 ரூபாய் சம்பாதிக்கிற 28 வயது டெலிவரி ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலது மணிக்கட்டு உடைந்து சரியாகக் கூடவில்லை. வருட வருமானம் 2,16,000. நாற்பது வயதுக்குள் சுயதொழில் செய்கிறவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதைச் சேர்த்தால் 3,02,400. 26 முதல் 30 வயதுக்கு 17-ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009-ல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணை. பெருக்கினால் 51,40,800. அவருடைய சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றால், இந்த ஒரு தலைப்பில் மட்டும் 10,28,160 ரூபாய். ரோட்டோரத்தில் நீட்டப்பட்ட பத்தாயிரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது? மருத்துவச் சான்றில் இருக்கும் ஊன சதவீதம் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என 2010-ல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே மணிக்கட்டு முறிவு, மேஜையில் உட்கார்ந்து மேற்பார்வை செய்கிறவருக்கு ஒரு மாதிரி. நாள் முழுக்க ஆக்சிலரேட்டரைப் பிடிக்கிறவருக்கு வேறு மாதிரி. அதனால் செய்த வேலை என்ன, அந்தக் கை இல்லாமல் அதில் எதைச் செய்ய முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் ஆப்பில் வந்த வாராந்திர வருமானக் கணக்கு, பேங்க் பாஸ்புக், யு.பி.ஐ. வரவு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. உங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது என்று சொல்லித் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். தப்புத் திசையில் வந்தது, சிக்னலைத் தாண்டியது போன்றவை நிரூபிக்கப்பட்டால் உண்மையிலேயே குறையும். தலைக்காயத்தில் ஹெல்மெட் இல்லாததையும் தீர்ப்பாயங்கள் சில நேரம் கணக்கில் எடுக்கின்றன. ஆனால் லைசென்ஸ் இல்லை என்பது மட்டுமே விபத்துக்குக் காரணம் ஆகிவிடாது. வண்டியில் மூன்று பேர் போனார்கள் என்பதும் அப்படியே. அதனால்தான் விபத்து நடந்தது என்று காட்டினால் ஒழிய அதை உங்கள் தப்பாகப் போட முடியாது என்று 2020-ல் முகமது சித்திக் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. (மூன்று பேர் போகலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை.)

யார் தப்பு என்று நிரூபிப்பதே கஷ்டம் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு இருக்கிறது. தப்பை நிரூபிக்காமலே, உயிர் போனால் 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். ஆனால் இந்த வழியில் கம்பெனி தரும் தொகையை ஏற்றுக்கொண்டால், பெரிய தொகை கேட்டுப் போட்ட மனு காலாவதியாகிவிடும். எலும்பு கூடுமா, ஊனம் தங்குமா என்று தெரிவதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி கடைசிவரை கிடைக்கவில்லை என்றால், அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வருவாய்க் கோட்ட அளவில் இருக்கும் விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கும் எஃப்.ஐ.ஆர். வேண்டும்.

தானாகவே விழுந்தால்

யாரும் இடிக்கவில்லை, மணலில் சறுக்கி விழுந்தீர்கள் என்றால் தேர்ட் பார்ட்டி இன்ஸ்யூரன்ஸ் உதவாது. அது மற்றவர்களுக்கானது. பதிவான வண்டியின் சொந்தக்காரருக்கு, லைசென்ஸ் இருந்தால், 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. பாலிசியில் அந்த வரி இருக்கிறதா, பிரீமியம் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அண்ணன் பெயரில் இருக்கும் வண்டியைத் தம்பி ஓட்டி விழுந்தால் இந்தக் காப்பீடு தம்பிக்கு வராது. வேகம் குறைந்த வண்டி வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது. தபால் நிலையத்திலும் பேங்கிலும் வருடத்துக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது.

பின்னால் உட்காரும் மனைவியையும் மறந்துவிடக் கூடாது. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில், உங்கள் தப்பால் விழுந்தால், பின்னால் இருப்பவருக்கு இன்ஸ்யூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்காது. முழுப் பாலிசி எடுத்தால்தான் அவருக்கும் சேரும்.

பள்ளத்தில் விழுந்தால் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. ரோட்டைச் சரியாகப் போடாத ஒப்பந்ததாரர், பராமரிக்காத அமைப்பு ஆகியோருக்கு 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இருக்கிறது. உங்களுக்கான நஷ்டஈட்டுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோ சிவில் வழக்கோ போட வேண்டும். பள்ளத்தின் அளவு தெரிகிற மாதிரி, பக்கத்தில் செருப்பையோ ஹெல்மெட்டையோ வைத்து அன்றைக்கே படம் எடுங்கள். மறுநாளே ஜல்லி கொட்டி மூடிவிட வாய்ப்பு உண்டு.

பேட்டரியும் பிரேக்கும் காரணமாக இருந்தால்

2022 மார்ச் இறுதியில் மாதவரத்தை அடுத்த மஞ்சம்பாக்கத்தில் ஒரு மின் ஸ்கூட்டர் ரோட்டிலேயே புகைந்து எரிந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். இந்த நெருப்புகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது எந்த மாதம் தயாரானது என்று கேளுங்கள்.

நம் வீடுகளின் அமைப்பை நினைத்தால் எனக்கு இதில்தான் கவலை அதிகம். மாடிப்படிக்குக் கீழே, வாசற்கதவை ஒட்டி, ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறோம். தீப்பிடித்தால் வெளியேறும் ஒரே வழியில்தான் அந்த வண்டி நிற்கிறது. பேட்டரியைக் கழற்ற முடியும் என்றால் கதவுக்கும் படிக்கும் தள்ளி வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். கம்பெனி கொடுத்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். வெயிலில் ஓட்டி வந்தவுடன் மாட்டாமல் சூடு தணியட்டும். தண்ணீரில் மூழ்கிய பேட்டரியை, காய்ந்துவிட்டது என்று நம்பி சார்ஜில் போடவே கூடாது.

வண்டியின் கோளாறால் அடிபட்டால் வழி வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தயாரிப்பாளர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் மூவரையும் பொருளின் குறைக்குப் பொறுப்பாக்குகிறது. வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும்; நமக்கு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம், சந்தேகம் கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. பில், சர்வீஸ் ரசீதுகள், "பிரேக் பிடிக்கவில்லை" என்று ஷோரூமுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் இங்கே ஆதாரம். எரிந்த வண்டியைப் பரிசோதிக்க என்று கம்பெனிக்காரர்கள் எடுத்துப்போகக் கேட்டால், எழுத்தில் ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

டெலிவரி வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆப் கம்பெனிகள் தரும் விபத்துக் காப்பீடு பெரும்பாலும் ஆர்டர் ஓடுகிற நேரத்துக்கு அல்லது லாகின் செய்திருக்கிற நேரத்துக்குத்தான். விபத்து நேரத்தில் ஆப்பில் இருந்த ஆர்டரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தக் காப்பீட்டை வாங்கினாலும் லாரியின் மேல் போடும் வழக்கு பாதிக்காது. தமிழ்நாட்டில் இப்படி ஆப் வழியாக வேலை செய்கிற கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். 2025-26 பட்ஜெட்டில் மின் ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டதும் வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குத்தான்.

வக்கீலும் பணமும்

ஆஸ்பத்திரி வாசலிலேயே கார்டு கொடுத்து, வெற்று வக்காலத்தில் கையெழுத்து கேட்கிற புரோக்கர்கள் உண்டு. போடாதீர்கள். கிடைக்கிற நஷ்டஈட்டில் இத்தனை சதவீதம் என்று பேசி வக்கீல் ஃபீஸ் வாங்குவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. ஃபீஸை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் தரும். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசி முடிக்க அழைத்தால் போகலாம். ஆனால் மேலே போட்ட மாதிரி உங்கள் கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு போங்கள், அப்போதுதான் அவர்கள் சொல்லும் தொகை நியாயமா என்று தெரியும். அங்கே ஒத்துக்கொண்ட பிறகு அப்பீல் கிடையாது.

மனுவோடு அடிபட்டவரின் பெயரிலேயே இருக்கும் பேங்க் பாஸ்புக் நகலை இணையுங்கள். தீர்ப்புத் தொகை அந்தக் கணக்குக்கே நேராக வர வேண்டும் என்று தீர்ப்பாயத்திடம் கேளுங்கள்.